சர்க்கரையால் கால் எரிச்சல், மதமதப்பு: வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் நரம்பு சரியாகுமா?

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, இப்போது பாதம் எரிகிறது, பி12 போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கடையில் தினமும் இதே கேள்வி எனக்கு வரும். பி12 குறைந்திருந்தால் நல்ல பலன் உண்டு. குறையாதவருக்கு அதைக் கொடுத்துப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாரா? கூடுதல் டோஸில் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களில் பலருக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைந்துவிடும். சுத்த சைவம் என்றால் இன்னும் சிக்கல். மீன், கறி, முட்டை, பாலில் இருக்கிற சத்து அது, கீரையில் தேடிப் பயனில்லை. பி12 குறைந்தாலும் இதே எரிச்சல்தான், இதே மதமதப்புதான். நடக்கும்போது செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. சர்க்கரை செய்த வேலையா, பி12 இல்லாத வேலையா என்று காலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் முதலில் ரத்தத்தில் பி12 பாருங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைவு. 200-300 சந்தேகக் கேஸ். பி12 ஊசியைப் போட்டுக்கொண்டு டெஸ்ட்டுக்குப் போனால் அளவு ஏறித்தான் காட்டும், உண்மை தெரியாது.

'சிவப்பு ஊசி', 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் படிப்பதில்லை. மெத்தில்கோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்) 1500 மைக்ரோகிராம், ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் 100 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட், பைரிடாக்சின் என்று ஒரு கூட்டமே இருக்கும். ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் ஆய்வுகளில் பெரும்பாலும் தரப்பட்டது தினம் 600 மில்லிகிராம். இந்த 100 என் கணக்கில் பேருக்குத்தான். பைரிடாக்சின் என்பது பி6. ஆளுக்கொரு டாக்டர் எழுதிய சத்து மாத்திரைகள் சேர்ந்து பி6 அளவு மீறினால், அதுவே நரம்பைக் கெடுக்கும். அதற்கும் அறிகுறி கால் மதமதப்புதான்! பென்ஃபோடயமின் என்ற பி1 வகையும் எழுதுகிறார்கள்; சில ஆய்வுகளில் வலி குறைந்தது, சிலவற்றில் ஒன்றுமில்லை.

மேற்கொண்டு நரம்பு கெடாமல் இருக்கச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்குச் சத்து மாத்திரை மாற்று இல்லை. எரிச்சலில் தூக்கமே போனால் டாக்டர் பிரிகாபலினோ டுலோக்ஸெடினோ தருவார். அவை வலிக்கு மட்டும். பிரிகாபலின் தலைசுற்ற வைக்கும், அப்பா ராத்திரி பாத்ரூம் போகும்போது லைட் எரியட்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12-ஐச் சரிகட்டிக்கொண்டு அதைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் தொடரத்தான் சொல்வார்.