பனிமலைப் பயணத்துக்குக் குறி (சீட்டு) போடலாமா?

கேள்வி: எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலை கஞ்சிக்கோட்டில். நண்பர்கள் எட்டுப் பேர் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா மலைக்குப் போய், பௌர்ணமி இரவில் பனியில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறோம். டிசம்பர் 24 பௌர்ணமி என்று தேதி குறித்திருக்கிறோம். ஆளுக்கு ₹28,000 ஆகும். ஜூனிலிருந்து மாதம் ₹3,500 வீதம் எட்டு மாதக் குறி போட்டு, என்னையே கணக்குப் பார்க்கச் சொல்கிறார்கள். சரியாக வருமா?

பதில்: கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. எட்டுப் பேர், மாதம் ₹3,500, மாதம் ஒருவர் கையில் ₹28,000. ஆனால் குறி என்பது மாதம் ஒருவருக்குப் பணம் கிடைக்கும் ஏற்பாடு. உங்களுக்கோ எட்டுப் பேருக்கும் ஒரே சமயத்தில் வேண்டும். ஜூனில் எடுத்தவர் ஓணத்துக்குள் அதை வண்டிக்கோ வளையலுக்கோ செலவழித்திருப்பார். கடைசி ஆளுக்கு ஜனவரியில்தான் கிடைக்கும். டிசம்பரில் மலையேற அவர் கடன் வாங்க வேண்டும்! நடுவில் ஒருவர் தவணையை நிறுத்தினால் வீட்டு வாசலில் போய் நிற்கப்போவது நீங்கள்தான். பதிவில்லாத குறி நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டு சட்டத்தின்படி வேறு தலைவலி.

ஆகவே ஒவ்வொருவரும் அவரவர் வங்கியிலேயே ஆறு மாத ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடட்டும். மாதம் ₹4,000, ஜூன் முதல் நவம்பர் வரை. டிசம்பரில் ₹24,000 அசலோடு, 6.5 சதவீத வட்டி என்றால் சுமார் ₹450 சேர்ந்து வரும். இந்த வட்டியில் பாலக்காட்டில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம், அவ்வளவுதான். பணம் கண்ணில் படாமல் இருப்பதே இதில் லாபம். சில வங்கிகளில் ஆர்டி 12 மாதத்துக்குக் குறைந்து கிடையாது, விசாரித்துக்கொள்ளுங்கள். தபால் நிலைய ஆர்டி ஐந்து வருடத் திட்டம், இதற்கு ஒத்துவராது.

மீதி ₹4,000 மட்டும் உங்களிடம் வரட்டும். அதையும் சம்பளக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு, டிக்கெட்டுக்கும் மலையேற்ற முன்பணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேதி. டிசம்பர் 24 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ரயில், வண்டி, கூடாரம் எல்லாமே கிராக்கி. அடுத்த பௌர்ணமி 2027 ஜனவரி 22, தைப்பூசம், வெள்ளிக்கிழமை. பனியும் அப்போது கூடுதலாகவே இருக்கும். ஆர்டி பணமும் கைக்கு வந்திருக்கும். ஜனவரி 17 அன்று பாலக்காட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் 19ஆம் தேதி டெல்லி, அப்புறம் டேராடூன் வழியாக, மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், ஆகவே நவம்பர் நடுவில் தயாராக இருங்கள். ஒருநாள் தள்ளிப்போனாலும் கவலை வேண்டாம்; பனியில் பட்டுத் தெறிக்கும் நிலவுக்கு முன்பின் ஒருநாள் பெரிய வித்தியாசம் தெரியாது.

உண்மையில் நான் பயப்படுவது பின்வாங்குகிறவரை நினைத்துத்தான். வாகமண் பயணம் ஒன்றுக்கு நான் கணக்குப்பிள்ளையாகப் போய், கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பேர் கழன்றுகொண்டதில் வேன் வாடகையை என் கையிலிருந்து கட்டியவன். சாப்பாடு, டிக்கெட் தலைக்குத் தலை மாறும்; வண்டி வாடகை மாறாது. உதாரணத்துக்கு டேராடூன் வண்டி ₹16,000 என்றால் எட்டுப் பேருக்கு ஆளுக்கு ₹2,000. ஆறு பேரானால் ₹2,667. அதனால் முதல் ரூபாய் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்: டிக்கெட் போடும்வரை விலகினால் முழுப் பணமும் திரும்ப, அதற்குப் பிறகு என்றால் முன்பணமும் வண்டிப் பங்கும் கிடையாது, அல்லது மாற்று ஆள் கொண்டுவர வேண்டும். எட்டுப் பேரும் ‘சரி’ என்று பதில் போடட்டும்.

செலவில் ஒரு யோசனை. தடித்த ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மார்ச்சில் 40 டிகிரி தொடும் பாலக்காட்டில் அதை வைத்து என்ன செய்வது? ஷூ மட்டும் சொந்தமாக வாங்கி, ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. மலையிலிருந்து தூக்கி இறக்கும் செலவைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. மலையேற்றமும் எத்தனை அடி உயரம் வரை என்பதும் எழுதியிருக்கிற பயணக் காப்பீடாகப் பார்த்து எடுங்கள். கேதார்காந்தா சுமார் 12,500 அடி.

ரொக்கத்தை டேராடூனிலேயே எடுத்துவிடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், ஜிபேயும் கூடவே படுத்துவிடும்.