கழற்றிப் போட்டதற்கும் பில்லா?

கே: எஞ்சின் சூடாகிறது என்று வண்டியை விட்டேன். தெர்மோஸ்டாட் மாற்றியதாக பில் வந்தது. பழையதைக் கேட்டால், "தூக்கிப் போட்டாச்சு" என்கிறார் மெக்கானிக். இப்போது அரை மணி நேரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் மேலே வர மறுக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. சண்டைக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். இரவெல்லாம் ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பக்கம் கை போகக் கூடாது, அது சொல்லாமல் சுற்றும்). தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை (எஞ்சினை ஆற்றும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அது ஒழுங்காக இருந்தால் முதல் சில நிமிடங்கள் ஹோஸ் சில்லென்றே இருக்கும். அப்புறம் வால்வு திறந்ததும் கை வைக்க முடியாதபடி சுடும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் உள்ளே ஒன்றுமே இல்லை, அல்லது புதியது திறந்தபடி சிக்கியிருக்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனை உதவாது.

அடுத்து, உங்கள் கண் முன்னால் ஹவுசிங்கை (தெர்மோஸ்டாட் உட்காரும் கூடு) திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்தான். காலியாக இருந்தால் பாகத்துக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் திரும்ப வர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பில்லின் நகலை இணையுங்கள். இதில் கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இனிமேல் வண்டியை விடும்போதே "பழைய பாகம் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

கே: தெர்மோஸ்டாட் 82 டிகிரி, 88 டிகிரி என இரண்டு கிடைக்கின்றன. என் வண்டிக்கு 88. நான் 82 போட்டால் இன்னும் குளிர்ச்சியாக ஓடுமே?

ப: அந்த எண் வால்வு திறக்க ஆரம்பிக்கும் சூடு, எஞ்சினின் உச்ச வரம்பு இல்லை. முழுக்கத் திறந்த பிறகு சூட்டைப் பார்த்துக்கொள்வது ரேடியேட்டரும் ஃபேனும். 88 வாங்குங்கள்.

கே: எங்கள் பக்கம் வெயில் கொளுத்தும். "இங்கே தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிவிடலாம்" என்கிறார்கள். சரிதானா?

ப: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 40 டிகிரி வெயில் நமக்குத்தான் வெயில். 90 டிகிரிக்குப் பக்கத்தில் வேலை செய்யும் எஞ்சினுக்கு அது குளிர்.

உள்ளே இருப்பது சின்ன உலோகக் குப்பி, அதில் மெழுகு. சூட்டில் மெழுகு உருகிப் பருத்து ஓர் ஊசியைத் தள்ளும், ஸ்பிரிங்கை மீறி வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மூடியிருக்கும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே பைபாஸ் வழியாகச் சுற்றுவதால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். இதை எடுத்துவிட்டால், எஞ்சின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடும்.

இன்னொரு வேடிக்கை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்ப எஞ்சினுக்கே வரும். ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது, எதற்குப் பயந்து கழற்றினீர்களோ அதே சூடு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார் ஒன்று வாங்கினேன். முள் கால் பங்குக்கு மேல் ஏறாது. "எஞ்சின் எவ்வளவு கூலா இருக்கு பாருங்க" என்று விற்றவர் சொன்னார், நானும் அதையே பெருமையாக ஊருக்கெல்லாம் சொன்னேன். மைலேஜ் கொடுக்கவில்லை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி மோந்தால் பெட்ரோல் வாடை. கடைசியில் ஹவுசிங்கைத் திறந்தால் வெறும் கேஸ்கட் மட்டும் உட்கார்ந்திருந்தது. கூல் என்று கூடுதல் விலை வேறு கொடுத்திருந்தேன்.

மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டை நடுவழியில் கழற்றி வீடு வந்து சேர்வது வேறு. அது அவசரம். மறுநாளே புதியதைப் போட வேண்டும்.

கே: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் மோட்டார் எல்லாம் மாற்றிவிட்டேன். இன்னும் சூடாகிறது. தெர்மோஸ்டாட்டாக இருக்குமோ?

ப: இருக்கலாம். மூன்று பெரிய பாகங்களை வாங்கிய பிறகுதான் இந்தச் சின்னது ஞாபகம் வந்ததா? கழற்றிச் சோதியுங்கள். வால்வைக் கொஞ்சம் நெம்பி, இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து மூடவிடுங்கள். அந்த நூலிலேயே அதைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள், அடிப்பாகம் பாத்திரத்தில் படக் கூடாது. சமையல் தெர்மாமீட்டரையும் போட்டு மெதுவாகச் சூடாக்குங்கள். திறக்கும் நொடியில் நூலை விட்டு 'டொக்' என்று விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவதும் அதன்மேல் பொறித்திருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் விழவில்லையா, குப்பையில் போடுங்கள். அந்தப் பாத்திரத்தில் இனி சமைக்க வேண்டாம், கூலன்ட் விஷம்.

நன்றாகத் திறந்தால் அடுத்து ரேடியேட்டர் மூடி, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்பு) ஆகியவற்றைப் பாருங்கள். இந்த முறையாவது பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கே: சூடான உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

ப: முகம் வெந்துபோகும். ஆறட்டும்.

கே: பச்சைக் கூலன்ட் தீர்ந்தது, பச்சையாகவே இன்னொன்று வாங்கி ஊற்றினேன். பரவாயில்லையா?

ப: நிறம் வெறும் சாயம். இரண்டு கம்பெனிகளின் பச்சை ஒரே சரக்கு என்று எந்த விதியும் இல்லை. கையேட்டில் உள்ள வகையை டப்பாவில் தேடுங்கள். பொருந்தவில்லை என்றால் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கூலன்ட்டில் தண்ணீர் கலக்க வேண்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரில் உப்புப் படிந்துதான் பல தெர்மோஸ்டாட்டுகள் சிக்குகின்றன.

கே: ஆன்லைனில் மலிவாக வாங்கிய தெர்மோஸ்டாட்டில் எந்த எண்ணும் இல்லை. போடலாமா?

ப: திருப்பி அனுப்புங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நானும் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். ஒன்று கொதிநீரில்தான் வாயைத் திறந்தது. மற்றது அதற்கும் திறக்கவில்லை.

கே: சரியான தெர்மோஸ்டாட்தான் போட்டேன். இருந்தும் முள் ஏறி ஏறி இறங்குகிறது.

ப: உள்ளே காற்று அடைத்திருக்கும். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடும் குட்டி ஊசி இருக்கிறதா? அது காற்று வெளியேறும் வழி. பெரும்பாலும் அது மேல்பக்கமாக வர வேண்டும், கீழே வைத்துப் பூட்டியிருந்தால் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அப்புறம் கையேட்டில் சொன்னபடி காற்றை வெளியேற்றி, எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புங்கள்.