ஜியாலஜி படித்தால் பிள்ளை சபையை விட்டுப் போய்விடுமா?

பொறையாறு பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் டூ. பள்ளியில் அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போய்க் காரை என்ற ஊரின் மண்மேடுகளைக் காட்டிய நாளிலிருந்து, பாறையையும் பூமியையும் பற்றிய படிப்பான பி.எஸ்சி. ஜியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். நாத்தனார் மகன் ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறான், "35 லட்சம் ஆவும், ஆறு மா நெலத்த வித்தா முடிஞ்சிடும்" என்று நாத்தனார் நெருக்குகிறார். கொழுந்தனார் பெந்தெகொஸ்தே சபையில் மூப்பர். "பூமிக்கு 450 கோடி வயசுன்னு படிக்கிற புள்ள ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வருமா?" என்று கேட்டுவிட்டாராம். அன்று முதல் தாயாருக்குத் தூக்கம் இல்லை.

அம்மா, மோதலே கிடையாது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். தேவன் உலகைப் படைத்த ஆறு நாள் என்பது ஆறு இருபத்துநாலு மணிநேரம்தான், பூமிக்கு வயது ஆறாயிரம் வருஷம்தான் என்று உங்கள் சபை போதிக்கிறது என்றால், மகளின் முதல் செமஸ்டர் பாடமே அதனோடு நேருக்கு நேர் நிற்கும். பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்பதுதான் அங்கே தொடக்கம்.

ஆனால் எம்.பி.பி.எஸ். பற்றிப் பேசும்போது மட்டும் இந்தப் பயம் ஏன் வரவில்லை? நீட் பாடத்திட்டத்தில் பரிணாமம் ஒரு பகுதி. பிளஸ் டூ விலங்கியலில் உங்கள் மகள் அதை ஏற்கெனவே படித்துவிட்டாள். மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமி எப்படி உருவாகிறது என்பதும் பரிணாமம்தான். வெள்ளைக் கோட்டுக்கு உள்ள மரியாதையால் அந்தப் படிப்புக்கு ஜெபமும், இதற்குத் தடையும் என்றால், அது விசுவாசத்தைப் பற்றிய கவலை ஆகாது. ஊர் மதிப்பைப் பற்றிய கவலை அது.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றி இதற்கு மேல் நீட்டப் போவதில்லை. 2021 விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்கவேண்டிய தகுதித் தேர்வு, அதன்பிறகு இங்கே இன்னும் 12 மாத இன்டர்ன்ஷிப். அந்தத் தேர்வில் பெரும்பாலோர் ஒரே முறையில் தேறுவதில்லை. உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் ஓர் இடத்தில்கூட மகள் டாக்டராக ஆசைப்பட்டதாக இல்லை. ஆசையே இல்லாத படிப்புக்காக நிலத்தை விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி விசுவாசத்துக்கு வருவோம். ஆறாயிரம் வருஷம் என்ற எண், படைப்பைச் சொல்லும் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் எந்த வசனத்திலும் இல்லை. வம்சவரலாற்று வயதுகளைக் கூட்டி எடுத்த கணக்கு அது. அப்படிக் கணக்கிட்டவர்களில் பேர்பெற்றவர் அயர்லாந்துப் பேராயர் அஷர், 1650-ல் கி.மு. 4004 என்று வெளியிட்டார். 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அந்த ஆண்டை அச்சிட்டார்கள். அச்சில் வந்ததால் அதுவும் வேதம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். கீழே கிடக்கும் அடுக்கு மூத்தது, மேலே கிடப்பது இளையது என்ற ஜியாலஜியின் அரிச்சுவடியை 1669-ல் எழுதிவைத்த ஸ்டெனோ, கோபன்ஹேகனில் பிறந்தவர். உங்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டென்மார்க். அவர் பிறகு கத்தோலிக்க ஆயர் ஆனார். "கத்தோலிக்கர் கதை நமக்கெதற்கு" என்று கொழுந்தனார் கேட்டால் செட்ஜ்விக்கைச் சொல்லுங்கள். இங்கிலாந்துத் திருச்சபைக் குரு, கேம்பிரிட்ஜில் ஜியாலஜிப் பேராசிரியர். மலைமேல் கிடக்கும் சரளைப் படிவுகள் நோவா காலத்து ஜலப்பிரளயத்தில் வந்தவை என்று முதலில் நம்பியவர். பாறைகளைத் தொடர்ந்து பார்த்தபின் 1831-ல் ஜியாலஜிக்கல் சொசைட்டியில் எழுந்து நின்று அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றார். குருவாகவே கடைசிவரை இருந்தார்.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? தரங்கம்பாடி மிஷனரி சி.எஸ். ஜான் பிரசங்கமும் செய்தார், மீனும் பாம்பும் சேகரித்து ஐரோப்பாவுக்கும் அனுப்பினார். உங்கள் வயலில் புரளும் மண்ணுளிப் பாம்புக்கு எரிக்ஸ் ஜானியை என்று அவர் பெயரைத்தான் 1801-ல் வைத்தார்கள்.

சபையில் அடிக்கடி வரும் இரண்டு வாதங்களை மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். கல்லூரியில் முதல் மாதமே அவை உடையும். அப்போது "வீட்டில் என்னிடம் தவறாகச் சொன்னார்கள்" என்ற எண்ணம்தான் பிள்ளையைப் பிரிக்கும். பாறையின் வயது அந்த வேலையைச் செய்வதில்லை.

ஒன்று, உயிரோடிருக்கும் நத்தை ஓட்டுக்கே வயதைக் கணிக்கும் கார்பன் சோதனை ஆயிரக்கணக்கான வருஷம் காட்டியது, ஆகவே சோதனையே பொய் என்பது. காட்டியது உண்மை. சுண்ணாம்புப் பாறை கரைந்த தண்ணீரில் வாழும் நத்தை, காலத்தோடு குறைந்துகொண்டே போகும் கார்பன்-14 என்ற வகை எப்போதோ தீர்ந்துபோன பழைய கார்பனை எடுத்து ஓடு கட்டுகிறது. அதனால் ஓடு கிழடாகத் தெரிகிறது. காரணம் தெரிந்ததால் அதற்குத் திருத்தமும் உண்டு. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. அரியலூர்ப் பாறைக்கு யாரும் அதைப் பயன்படுத்துவதும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு ஜிர்கான் படிகத்தில் யுரேனியம் ஈயமாவதை அளக்கிறார்கள். ஒரே படிகத்தில் இரண்டு வகை யுரேனியம், அதாவது இரண்டு கடிகாரம்: ஒன்று பாதியாக 447 கோடி ஆண்டு, மற்றது சுமார் 70 கோடி. படிகம் கெடாமல் இருந்தால் இரண்டும் ஒரே வயதைச் சொல்லும். இடையில் சூடேறி ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. கெட்டுப்போனதைக் கடிகாரமே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு, அரியலூரில் கடல்சிப்பி கிடைப்பதே ஜலப்பிரளயத்துக்குச் சாட்சி என்பது. அங்கே கடல் இருந்தது உண்மை. ஒரே வெள்ளம் வாரிக்கொண்டு வந்திருந்தால் எல்லாச் சுருள்சிப்பிகளும் கலந்து கிடக்கவேண்டும். கீழடுக்கில் ஒரு வகை, மேலடுக்கில் வேறு வகை என்றுதான் கிடக்கிறது. மணற்கல்லுக்குள் புழுவும் நண்டும் குடைந்த வளைகள் அப்படியே இருக்கின்றன. மண் படிந்து, அதில் உயிர் குடியேறி, வளை தோண்டி, அதன்மேல் மறுபடி மண் படிய அவகாசம் வேண்டும். பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகக் கிடக்கும் மரத்தையும் மகள் பார்த்திருப்பாள். அதை 1940-ல் வெளியே தெரியப்படுத்திய எம்.எஸ். கிருஷ்ணன் தஞ்சை மாவட்டத்துக்காரர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர்.

சரி, படித்துவிட்டு என்ன செய்வாள் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. எண்ணெய், சிமென்ட், கிரானைட் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வழி. நான் காட்ட விரும்புவது உங்கள் வாசலிலேயே இருக்கிறது: நிலத்தடி நீர்.

உங்கள் ஊரில் கைப்பம்பில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்த இடத்தில் மோட்டார் வைத்ததும் உப்பு ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் என்று நினைத்து இன்னும் 50 அடி இறக்குகிறவர்கள் நேரே உப்புக்குள் குழாய் விடுகிறார்கள்.

எங்கே, எவ்வளவு ஆழத்தில் குழாய் இறக்கலாம் என்று சரியாகப் பார்த்துச் சொல்கிறவர் ஹைட்ரோஜியாலஜிஸ்ட், நிலத்தடி நீர் நிபுணர். நாலு இரும்புக் கம்பியை ஒரே கோட்டில் தரையில் அடிப்பார். வெளிக்கம்பி இரண்டிலும் மின்சாரம் செலுத்தி, உள்கம்பி இரண்டிலும் மின்னழுத்தம் அளப்பார். வெளிக்கம்பிகளைத் தள்ளித்தள்ளி அடிக்க, அளவு ஆழத்துக்கு இறங்கும். டெல்டாவில் தவறு நடப்பது இங்கேதான். களிமண்ணும் உப்புத் தண்ணீர் நின்ற மணலும் இரண்டுமே மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கருவியில் ஒரே மாதிரி தெரியும். பக்கத்துக் கிணறுகளின் உப்பளவைப் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் நம்பினால் இடம் மாறிப்போகும். துளை போட்டபின்னும் வேலை முடியாது. எந்த அடுக்கில் நல்ல தண்ணீர் என்று துளைக்குள் கருவி இறக்கிப் பார்த்து, அந்த மணலுக்கு எதிரே மட்டும் ஃபில்டர் பைப் வைத்து, உப்பு அடுக்கைக் களிமண்ணோ சிமென்ட்டோ விட்டு அடைக்கவேண்டும். அடைக்காவிட்டால் மேலடுக்கு உப்பு குழாயின் வெளிப்புறமாகவே வழிந்து நல்ல அடுக்கையும் கெடுத்துவிடும். ஒரு கிணறு சரியில்லாமல் போட்டதால் தெருவே உப்பாவது இப்படித்தான்.

படிப்பு எங்கே? திருச்சி நேஷனல் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி உண்டு, மயிலாடுதுறையிலிருந்து மெயின் லைனில் நேரே ரயில். அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுச் சேருங்கள், கட்டணம் அங்கேதான் மாறும். சேலம் அரசுக் கலைக் கல்லூரியிலும் உண்டு, ஆனால் விடுதிச் செலவு வரும். உங்களுக்குக் கிட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை. பிளஸ் டூ முடித்து நேரே சேரும் வகுப்பு இந்த ஆண்டு உண்டா என்று துறைக்கே போய்க் கேளுங்கள். மகள் ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

பெயரில் ஏமாறாதீர்கள். தமிழில் ஜியாகிரஃபிக்கும் புவியியல் என்கிறார்கள். அரசின் ஜியாலஜி துறைக்கும் புவியியல் மற்றும் சுரங்கத்துறை என்றே பெயர். விண்ணப்பத்தில் புவியியல் என்று பார்த்து ஜியாகிரஃபியில் சேர்ந்துவிட்டால், பின்னால் ஜியாலஜிஸ்ட் தேர்வு எழுத முடியாது.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வேலை குறைவு, எம்.எஸ்சி. சேர்த்து ஐந்து வருஷம் என்றே கணக்கு வையுங்கள். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கிடைக்க வாய்ப்புண்டு. பிறகு யு.பி.எஸ்.சி.யின் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு: முதல்நிலை 400, முதன்மை 600, நேர்முகம் 200 மதிப்பெண். வயது 21 முதல் 32 வரை. மத்திய நிலத்தடி நீர் வாரிய வேலைக்கும் இதே தேர்வுதான். தேறினால் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக அசிஸ்டென்ட் ஜியாலஜிஸ்ட் வேலை உண்டு. இடங்கள் குறைவு, அறிவிப்பு வருஷாவருஷம் வராது. அதை மட்டும் நம்பிக் காத்திருக்க விடாதீர்கள்.

ஆண்டுதோறும் களப்பயணம் போகவேண்டும். சுத்தியல், பத்து மடங்கு லென்ஸ், காம்பஸ், நீர்த்த அமிலச் சீசா, நல்ல ஷூ எல்லாம் வாங்கவேண்டும். சில ஞாயிறுகள் ஆராதனை தவறும். இதை இப்போதே கொழுந்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

மகளிடம் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: சபையில் ஒரு பதில், பரீட்சையில் ஒரு பதில் என்று இரண்டு வாய் வைக்காதே. சந்தேகம் வந்தால் வீட்டில் சொல். அப்படிச் சொல்லும்போது நீங்கள் அழக்கூடாது, "பின்மாறிட்டா" என்று யாரும் பெயர் வைக்கவும் கூடாது. ஆறு நாள் என்பதை அப்படியே நம்புகிறவளாகவே அவள் இருந்தாலும் படிக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பின் ஆதாரத்தை முழுசாகக் கற்று எழுதத் தயாராக இருக்கவேண்டும். இந்தப் படிப்பு வேண்டாமென்று தேவன் வெளிப்படுத்தினார் என்று யாராவது சொன்னால், அவளிடமே நேரில் சொல்லட்டும். அவளும் ஜெபிக்கிற பிள்ளைதான்.

கொழுந்தனார் பயப்படுவது ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பற்றி. அதே புத்தகத்தின் 26-ம் அதிகாரத்தில் ஈசாக்கு ஏசேக்கு, சித்னா, ரெகொபோத் என்று கிணறு கிணறாகத் தோண்டிக்கொண்டு போகிறார். இரண்டு கிணற்றுக்குச் சண்டை, மூன்றாவதுக்குத்தான் அமைதி. அவரிடம் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

விண்ணப்பம் போடுவதற்குமுன் மகளின் ஆசை அரியலூர் சுற்றுலாவோடு முடிகிற ஆசையா என்று பார்த்துவிடலாம். நாலு சனிக்கிழமை, தெருவில் பத்துக் கிணறு. இரும்பு டேப்பின் நுனியில் இரண்டு மூன்று அடிக்குச் சாக்குக்கட்டி தேய்த்து, தண்ணீருக்குள் நுனி முழுகும்வரை இறக்கி, கிணற்று விளிம்பில் எத்தனை அடி என்று குறிக்கவேண்டும். வெளியே எடுத்து, நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டம். இறைத்து முடித்த உடனே அளந்தால் தவறாக வரும். விடியற்காலையில், மோட்டார் போடுமுன் அளக்கவேண்டும். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது; உப்பளவையும் குறிக்கட்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை குடிக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. கடற்கரைக்குக் கிட்டே போகப்போக எண் எப்படி மாறுகிறது என்று அவளே கோடு போட்டுப் பார்க்கட்டும்.

நாலாவது சனிக்கிழமையும் யாரும் எழுப்பாமல் எழுந்து போனாளானால் திருச்சிக்கும் சிதம்பரத்துக்கும் விண்ணப்பம் வாங்குங்கள். முதல் கிணறு கொழுந்தனார் வீட்டுக் கிணறாக இருக்கட்டும். டேப்பின் மறுமுனையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.