1957-ல் கருணாநிதி காங்கிரஸ்காரராக இருந்திருந்தால் டெல்டா எப்படி இருந்திருக்கும்?

முதலில் அவருக்கு சீட் கிடைத்திருக்குமா என்றே யோசிக்க வேண்டும். அன்றைய தஞ்சை மாவட்டக் காங்கிரசில் மிராசுதார்களின் கைதான் ஓங்கியிருந்தது, திருக்குவளையிலிருந்து வந்த, நிலபுலன் பெரிதாக இல்லாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அங்கே பேச்சாளர் வேலை கிடைத்திருக்கலாம், மேடையில் நடுநாற்காலி கிடைத்திருக்காது.

சரி, கிடைத்தது என்றே வைப்போம். நிஜத்தில் 1957-ல் குளித்தலையில் ஜெயித்துப் போனவர் சட்டசபையில் முதலில் பேசியது, அந்தப் பக்கத்து ஊரான நங்கவரத்தில் பண்ணை நிலத்தில் உழைத்த விவசாயிகள் பிரச்சினையைப் பற்றி. ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு அதை அப்படிப் பேச விட்டிருக்க மாட்டார்கள். 1962-ல் தஞ்சாவூரில் காங்கிரசின் பரிசுத்த நாடாரை அவர் தோற்கடித்ததும் நடந்திருக்காது. அப்போது கூலி விவசாயிகளின் குரல் முழுக்கச் செங்கொடிக்கே போயிருக்கும் என்பது என் எண்ணம். கீழத்தஞ்சையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போட்ட அடித்தளம் அவ்வளவு பலமானது.

ஆனால் சட்டம் வந்திருக்குமா? காமராஜர் ஆட்சியில், 1961-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). அதை 15 ஆக்கியது 1970-ல் கருணாநிதி ஆட்சி, அடுத்த வருடம் குடியிருப்புச் சட்டம், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம். எங்கள் ஆத்தா அந்த மனைப்பட்டாவை டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் நாலாய் மடித்து வைத்திருந்தார், மடிப்பு கிழியும் என்று யாரையும் பிரிக்க விடமாட்டார். மிராசுதார்களை நம்பி நின்ற கட்சியில் இருந்துகொண்டு அந்தத் தாளைக் கருணாநிதியால் கொடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.