லண்டன் டிவிடி பட்டர்வொர்த்தில் ஓடுமா?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மகள் பத்து டிவிடி கொண்டுவந்தாள். எங்கள் பிளேயரில் போட்டால் 'ரீஜன்' தப்பு என்று காட்டுகிறது. டிவிடி கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: டிவிடி மேல் பழி போடாதீர்கள் அம்மா. உலகத்தைப் பங்கு போட்டு ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் 'ரீஜன்' (வட்டாரம்). டிவிடியின் எண்ணும் பிளேயரின் எண்ணும் ஒத்துப்போனால்தான் ஓடும். அமெரிக்காவுக்கு 1, பிரிட்டனுக்கு 2, மலேசியாவில் நமக்கு 3, இந்தியாவுக்கு 5. அட்டையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் எண் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். உங்களுடையதில் 2 இருக்கும். 'ஆல்' என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும். தமிழ்ப்பட டிவிடி பல அப்படித்தான், அதனால்தான் இத்தனை நாள் இந்தத் தொல்லை உங்களுக்குத் தெரியவில்லை.

ஜார்ஜ்டவுனில் ரிப்பேர் கடை வைத்திருந்தபோது தட்டு திறந்த நிலையில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே பல பிளேயர்களை 0-க்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மாடலுக்கு மாடல் அந்த எண் வேறு. பக்கத்து ரிப்பேர் கடையில் கேளுங்கள்.

கணினியில் மட்டும் அவசரப்படாதீர்கள். அதில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். என்னுடையதை மருமகன் மாற்றி மாற்றிக் கடைசியில் 1-இல் நிறுத்திவிட்டுப் போனார்!

படம் கறுப்பு வெள்ளையாகுமோ என்ற பயம் வேண்டாம், பிரிட்டனும் நாமும் 'பால்' (PAL) என்ற ஒரே டிவி வண்ண முறைதான். மகளிடம் ப்ளூரே தட்டு வாங்கச் சொல்லாதீர்கள், அதற்கும் ரீஜன் உண்டு, எண்ணுக்குப் பதில் எழுத்து: அங்கே பி, இங்கே ஏ.