மரப்பெட்டிக்குக் கொடுத்த பணம் திரும்பாது

கேள்வி: சில ஆண்டுகளாக வெள்ளி நாணயங்கள் வாங்கிச் சேர்க்கிறேன். பெரும்பாலும் 'மொத்தம் 5,000 மட்டுமே' என்று விளம்பரம் செய்யப்பட்ட நினைவு நாணயங்கள். மரப்பெட்டி, சான்றிதழ் எல்லாம் உண்டு. சிலவற்றை விற்றுத் தங்க நாணயம் வாங்கலாம் என்று ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனேன். எடை போட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே கேட்கிறார். நான்கைந்து காசுகள் கறுத்திருப்பதையும் குறையாகச் சொன்னார். பாலிஷ் போட்டு வேறு இடத்தில் கொடுத்தால் நல்ல விலை கிடைக்குமா? நான் ஏமாற்றப்படுகிறேனா?

பதில்: பாலிஷ் போடாதீர்கள். இந்த ஒன்றில் அவசரப்பட்டால் பிறகு திருத்தவே முடியாது.

வெள்ளி கறுப்பது அழுக்கினால் அல்ல. காற்றில் உள்ள கந்தகம் பட்டு மேற்பரப்பில் மெல்லிய படலம் படிகிறது, அவ்வளவுதான். ரப்பர் பேண்டும் சில வகை அட்டையும் துணியும் அதை வேகப்படுத்தும். எடை போட்டு உலோக விலைக்கு வாங்குபவருக்கு இந்தக் கறுப்பு ஒரு பொருட்டே இல்லை. உருக்கினால் எல்லாம் ஒரே வெள்ளிதான். அதைக் காட்டி விலையைக் குறைக்கிறார் என்றால் பேரம் பேசுகிறார் என்று அர்த்தம். சேகரிப்பாளருக்கோ தேய்த்த காசுதான் பெரிய குறை. புதுக் காசு ஒன்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழன்று வரும். அச்சு அழுத்தும்போது உலோகம் நகர்ந்து உண்டாகும் நுண்ணிய வரிகளால் வருவது அது. தேய்த்த காசில் அந்தச் சுழற்சி செத்துவிடும். வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒளி நகராது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரியும். அனுபவமுள்ளவர் கண்ணில் இது நொடியில் பட்டுவிடும்.

சரி, ஏமாற்றப்படுகிறீர்களா? இந்த வியாபாரி உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் பணத்தை இழந்தது வாங்கிய அன்றே.

கணக்கைப் பாருங்கள். காசில் உள்ள வெள்ளியின் மதிப்பு 100 என்று வையுங்கள். மரப்பெட்டி, வெல்வெட், சான்றிதழ், விளம்பரம் எல்லாம் சேர்த்து உங்களிடம் 180 வாங்கியிருப்பார்கள். இன்று விற்றால் 95 கிடைக்கும். போட்ட பணம் திரும்ப வரவே வெள்ளி விலை கிட்டத்தட்ட 90 சதவீதம் ஏற வேண்டும். அதற்குப் பெயர் முதலீடு அல்ல. விருப்பத்துக்குச் செய்த செலவு என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை. ஆனால் உங்களுக்கு விற்றவர் அப்படிச் சொல்லி விற்கவில்லையே!

'5,000 மட்டுமே' என்ற வாசகம்தான் எனக்கு ஆத்திரமூட்டுவது. ஒரு பொருள் குறைவாக இருப்பதால் மட்டும் விலை ஏறாது; தேடுகிறவர்கள் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அமெரிக்க அரசு நாணயச் சாலை ஆண்டுதோறும் அடிக்கும் வெள்ளிக் காசு அமெரிக்கன் சில்வர் ஈகிள். அதில் 1996ஆம் ஆண்டுக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 36 லட்சம் அடித்தார்கள். ஆனாலும் அந்த வரிசையில் மற்ற ஆண்டுகளைவிட அதற்கு விலை கூடுதல். காரணம், 1986 முதல் ஆண்டுக்கு ஒன்றாக முழு வரிசையும் சேர்ப்பவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் 1996 வேண்டும். உங்கள் 5,000 காசுகளைத் தேடி அலைபவர் எத்தனை பேர்? முதல் விற்பனையில் வாங்கியவர்களோடு அந்தச் சந்தை முடிந்துபோகிறது.

சான்றிதழும் அப்படித்தான். விற்றவரே அச்சடித்துக் கொடுத்த காகிதம் எதற்குச் சாட்சி? இதையெல்லாம் தட்டிக்கேட்க ஆளில்லை. அரசு நாணயச் சாலைகளே ஆண்டுக்கு ஆண்டு வண்ணம் பூசியது, முலாம் பூசியது என்று புதுப்புது வகைகளைக் கொட்டுகின்றன. அதே காசை எவ்வளவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பதை விற்பனை விலைக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று ஒரே ஒரு விதி இருந்தால் பாதிப் பித்தலாட்டம் நின்றுவிடும். அதைச் செய்ய யாருக்கும் மனமில்லை.

அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள்: "இதை நாளைக்கே கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" நேர்மையான வியாபாரி ஒரு எண்ணைச் சொல்வார். மழுப்புகிறவர், 'பத்து வருஷம் வைத்திருங்கள்' என்று பேச்சை மாற்றுகிறவர், இவர்களிடம் வாங்காதீர்கள்.

முத்திரையை நம்பி வாங்குவதிலும் எச்சரிக்கை தேவை. '999' என்று பெரிதாகவும், 'மில்ஸ்' என்று சின்னதாகவும் பொறித்த காசுகள் இணையத்தில் சுற்றுகின்றன. செம்பின் மேல் வெள்ளி முலாம், அதன் தடிமனைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளி துளியும் கிடையாது. சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். சிறிய டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதாக நீரில் தொங்கவிடுங்கள். ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்த வெள்ளி என்றால் தராசு 2.96 கிராம் அளவில் காட்டும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 3.5க்குப் போய்விடும். காயவைக்கும்போது துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இனி தங்கம். முதலீடுதான் நோக்கம் என்றால் உலகமெங்கும் அடையாளம் தெரிந்த சாதாரண நாணயங்களையே வாங்குங்கள்: தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட், கனடாவின் மேப்பிள் லீஃப், ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக். உலோக விலைக்கு மேல் கேட்கும் கூடுதல் தொகை மிகக் குறைவாக இருக்கும் ஆண்டு எதுவோ அதுவே போதும். அளவுகளை மனதில் வையுங்கள்: ஒரு அவுன்ஸ் க்ரூகர்ராண்டில் செம்பும் கலந்திருப்பதால் மொத்த எடை 33.93 கிராம், விட்டம் 32.7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டில் ஒன்று ஒத்துவரவில்லை என்றாலும் விலகிவிடுங்கள். தரம் பார்க்கும் நிறுவனங்கள் சீல் வைத்த உறையில் '70க்கு 70', அதாவது முழு மதிப்பெண், என்று போட்டுத் தரும் புதுக் காசுக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். 69க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆண்டு முக்கியம் என்று சொல்வேன். பிரிட்டிஷ் சாவரின் நாணயம் 7.98 கிராம், 22 காரட், அதில் 7.32 கிராம் தங்கம். பெரும்பாலான ஆண்டுகள் தங்க விலையை ஒட்டியே கைமாறும். ஆனால் 1917 வேறு கதை. அந்த ஆண்டு சிட்னி, மெல்போர்ன், பெர்த் என்று பல நாணயச் சாலைகளில் அடித்தார்கள். அவை சாதாரணமாகக் கிடைக்கும். லண்டனில் அடித்தது மிக அரிது, விலையும் பல மடங்கு. இரண்டையும் பிரிப்பது ஒரு சின்ன எழுத்து. பின்பக்கத்தில் குதிரைமேல் ஒரு வீரர் இருப்பார்; அந்தக் குதிரையின் காலுக்குக் கீழே தரைபோல ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில், ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே, சிட்னி என்றால் 'எஸ்', மெல்போர்ன் என்றால் 'எம்', பெர்த் என்றால் 'பி'. லண்டன் காசில் எழுத்தே இருக்காது. ஆகவே எழுத்து இல்லாத 1917 ஒன்றை யாராவது நீட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். சாதாரணக் காசிலிருந்து அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிட வழவழவென்றோ சற்றுக் குழிந்தோ இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். சுயேச்சையான ஒருவரின் பரிசோதனை இல்லாமல் அந்த விலையைக் கொடுக்கவே வேண்டாம்.

உங்கள் வெள்ளிக்கு வருவோம். இன்னும் இரண்டு பேரிடம் எடைக்கு விலை கேளுங்கள். தனியார் நிறுவனங்கள் அடித்தவற்றை முதலில் விற்றுவிடுங்கள். அவற்றுக்குக் காத்திருந்தும் பயனில்லை. எடுத்துப் பார்க்கும்போது மனதுக்குப் பிடிக்கிற சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்கப் போகும் அன்று உலோக விலையைக் குறித்துக்கொண்டு, மரப்பெட்டியையும் சான்றிதழையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அவற்றுக்குத் தனியாக யாரும் பணம் தரமாட்டார்கள், இல்லையென்றால் மட்டும் அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள்.