மதர்போர்டை மாற்றும் முன் ரேமைச் சோதியுங்கள்

கேள்வி: என் டெஸ்க்டாப் அடிக்கடி நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தும் தீரவில்லை. 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று இருந்தது. போன வருடம் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சேர்த்தேன். மதர்போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிழையின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தடயம். ஏதோ ஒரு டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்) காரணம் என்றால் பெரும்பாலும் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். ரேம் கெட்டிருந்தால், பழுதான இடத்தில் அந்த நேரத்தில் எது வந்து உட்காருகிறதோ அது அடிவாங்கும். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வரும், மறுநாள் 'பேஜ் ஃபால்ட்' என்று வரும், இன்னொரு நாள் பிரவுசர் மட்டும் மூடிக்கொள்ளும். நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்தால் கதை வேறு. அப்போது பவர் சப்ளையையும் சூட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. பயந்துபோய் இந்த நிலையிலேயே போட்டோக்களையெல்லாம் பேக்கப் எடுக்காதீர்கள். காப்பி ஆகும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் போகிறது. பழுதான ரேம் சத்தமில்லாமல் அதைக் கெடுத்துவிடும். திறந்து பார்க்கும்வரை தெரியாது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள், அல்லது ரேம் சரியாகும்வரை பொறுங்கள்.

விண்டோஸிலேயே ஒரு மெமரி சோதனை உண்டு. அது பிழை இருக்கிறது என்றால் நம்பலாம், இல்லை என்றால் நம்ப முடியாது, நிறையத் தவறவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் பென்டிரைவில் ஏற்றி, உங்கள் கம்ப்யூட்டரை விண்டோஸுக்குப் பதில் அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். இரண்டு ரேமும் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். நான்கு சுற்று முழுதாக ஓட வேண்டும். பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். பிழை வந்தால் இருக்க வேண்டிய மதிப்பு, கிடைத்த மதிப்பு என்று இரண்டு எண்களைக் காட்டும். பல முகவரிகளில் ஒரே பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) மட்டும் தவறிக்கொண்டிருந்தால் ஒரு சிப்போ ஒரு காண்டாக்ட்டோ சரியில்லை என்று பொருள். 'ஒரே ஒரு பிழைதானே' என்று விட்டுவிடாதீர்கள். கடைசியாக வரும் ரோ ஹேமர் சோதனையில் (ரேமின் ஒரு வரிசையை அடுத்தடுத்துத் தொட்டு, பக்கத்து வரிசை கெடுகிறதா என்று பார்ப்பது) மட்டும் வரும் பிழைக்கு அவ்வளவு பதற வேண்டாம். மற்றவற்றில் ஒன்று வந்தாலும் கோளாறுதான்.

பிழை வந்தால் உடனே ரேமைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி என்ற அமைப்பு ஆனில் இருக்கிறதா பாருங்கள். அது ரேமை அதன் அடிப்படை வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது. நீங்கள் வைத்திருப்பது தனித்தனியாக வாங்கிய ஜோடி. இரண்டும் அந்த வேகத்தில் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிழை மறைந்தால் ரேம் இரண்டும் நன்றாகவே இருக்கலாம், சேர்க்கைதான் சரியில்லை. குறைந்த வேகத்திலேயே ஓட்டுங்கள், அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்படியும் பிழை வந்தால்தான் கேபினட்டைத் திறக்க வேண்டும். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கழற்றுங்கள். முதலில் ஒரு ரேமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது அதுதான். அப்புறம் அதை எடுத்துவிட்டு அடுத்ததை அதே ஸ்லாட்டில் போட வேண்டும். ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே லாக் இருக்கும், மறுமுனை முழுதாக இறங்காமலே நிற்கும். இரண்டு முனையையும் அழுத்திப் பாருங்கள்.

ஒன்று தேறி மற்றது தோற்றால், தோற்ற ரேம் போய்விட்டது. இரண்டும் அந்த ஸ்லாட்டில் தோற்றால், ஒன்றை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே தேறினால்தான் கடைக்காரர் சொன்ன மதர்போர்டுப் பேச்சுக்கே இடம் வருகிறது. அப்போதும்கூடப் பிராசஸர் சாக்கெட்டில் ஏதாவது பின் வளைந்திருக்கிறதா, கூலர் ஒரு பக்கமாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெமரி கன்ட்ரோலர் இருப்பது பிராசஸருக்குள்ளே. அங்கே தொடர்பு சரியில்லை என்றாலும் ஸ்லாட் செத்ததுபோலவே தெரியும்.

கெட்டது எது என்று தெரிந்ததும் பில்லைத் தேடுங்கள். ரேமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட வாரண்டி தருகின்றன. புது ரேம் வந்த பிறகு விண்டோஸை இன்னொரு முறை இன்ஸ்டால் செய்துவிடுங்கள். இப்போது இருப்பது பழுதான ரேம் வழியாக எழுதப்பட்டதாக இருக்கலாம்.